எட்டுக் குதிரையும் இரண்டு பொட்டலமும்

"இந்த ஒரு விஷயத்திலாவது என் பேச்சுதான் நடக்கணும்!" என்று துரைக்கண்ணு சபதம் போட்டார். கண்ணாடிக்கு முன்னால்தான் போட்டார். ஆனாலும் சபதம் சபதந்தானே!

விஷயம் எஞ்சின். மனைவி தாயாரம்மாளுக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கரில், திருவாலங்காட்டில், கரும்பு முற்றி நின்றது. கரும்பாலை உருளையைச் சுற்றிவந்த மாடுகள் இரண்டும் கிழடு தட்டிவிட்டன. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட பெட்ரோல் எஞ்சின் ஒன்று மெட்ராசில் கிடைப்பதாகக் கேள்வி. அதைத்தான் கொண்டுவரப் போகிறேன் என்று திருத்தணிக் கடைத்தெரு முழுக்க அவர் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இப்போது தாயாரம்மாள் கேட்கிற டீசல் எஞ்சின் வந்து இறங்கினால் மீசைக்கு என்ன மரியாதை?

"எட்டுக் குதிரை சக்தி, தாயாரு! நீ சொல்ற டீசலு வெறும் அஞ்சு குதிரை. எட்டு பெருசா, அஞ்சு பெருசா?"

"ஆங், எட்டுதான் பெருசு. செக்குல எந்த ஊர்லங்க குதிரை கட்றாங்க?"

"இன்னா?"

"குதிரை ஓடும். செக்கை இழுக்கறது மாடு. உங்க பெட்ரோலு காலி உருளையைக் கிறுகிறுன்னு சுத்தும். நாலு கரும்பைச் சேத்து வெச்சா மூச்சு வாங்கி நின்னுடும். டீசலு மெதுவாத்தான் சுத்தும், ஆனா முக்கிப் புடிச்சு இழுத்துடும்."

"யாரு சொன்னது?"

"எங்க அண்ணன் ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டாரு."

மச்சான் பேச்சு வந்ததும் துரைக்கண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப முருகனே சொல்லட்டும். மலையில பூக்கட்டிப் பாத்துடலாம்!"

"ஆங், பாப்போம். வெள்ளை வந்தா பெட்ரோலு, செகப்பு வந்தா டீசலு."

பெண்டாட்டியை ஏமாற்றுவது பாவமா என்று படியேறும்போது துரைக்கண்ணு யோசித்தார். ஊரில் யாருமே செய்து முடித்ததாகத் தெரியவில்லை. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பூவைத் தானே வாங்கினார். இலையில் வைத்துத் தானே கட்டினார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி. முருகனுக்கும் யோசிக்கிற சிரமம் மிச்சம்.

சன்னதியில் தாயாரம்மாள் கண்ணை மூடி வெகுநேரம் வேண்டினாள். பஞ்சாட்சரக் குருக்கள் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை!

"முருகா! டீசல்னு சொல்லிட்டியே!" என்று தாயாரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாது? வெள்ளை பெட்ரோல்னு நீதானே சொன்னே?"

"அது வூட்டுல. இங்க வந்து மாத்தி வேண்டிக்கினேன். குப்புனு பத்திக்கிறது பெட்ரோலு, அதுக்குச் செகப்புதானே பொருத்தம்? மனசுல வேண்டினது சாமிக்குத் தெரியாதா?"

"செல்லாது! இது செல்லவே செல்லாது!"

"கோவிச்சுக்காதீங்க. குருக்களய்யா, அந்த இன்னொரு பொட்டலத்தையும் எல்லார் எதிர்லயும் பிரிங்க. செகப்பு இருக்குதா பாத்துட்டு, வேணும்னா மறுபடி கட்டுவோம்."

குருக்களின் விரல் நூலைத் தொட்டது. சுற்றி நின்ற கூட்டமும் எட்டிப் பார்த்தது. துரைக்கண்ணு பாய்ந்து பொட்டலத்தைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"வேணாம் சாமி! முருகன் சொன்னா சொன்னதுதான். டீசலே இருக்கட்டும்!"

பாதிப் படி இறங்கினார்கள். பிறகு, போன மானத்தில் கொஞ்சமாவது தேறட்டும் என்று துரைக்கண்ணு செருமிக்கொண்டார்.

"சரி, நானே நாளைக்கு மெட்ராசு போயி நல்ல டீசல் எஞ்சினாப் பாத்துக் கொண்டாறேன்."

"எதுக்குங்க அலைச்சல்? எங்க அண்ணன் முந்தாநாளே கொண்டாந்து ஆலையில மாட்டிட்டாரு. உங்க மனசு கோணக் கூடாதேன்னுதான் இவ்ளோ படி ஏறி வந்தேன்."