மூக்கைத் தவிர எல்லோரும் நலம்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, பிள்ளைகள் எல்லோரும் நலம். என் மூக்கு மட்டும் நலமில்லை. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். உங்கள் தங்கை காதுக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற இடத்தில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், போன வாசனையைத் திருப்பிக் கொண்டுவருகிற சொட்டு மருந்து ஏதாவது இருந்தால் உடனே அனுப்பவும். திங்கட்கிழமைக்குள் வாசனை வராவிட்டால் என் வேலை போய்விடும்.

பிஸ்கட் கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே கேட்டீர்கள். "மூக்கு வேலை" என்றேன், நக்கல் பண்ணுகிறான் என்று முறைத்தீர்கள். உண்மையைத்தான் சொன்னேன். தினமும் காலையில் எண்ணெய் டின்னைத் திறந்ததும் நான் குனிந்து ஒரு மூச்சு இழுப்பேன். கெட்டுப்போன எண்ணெயில் வருகிற சிக்கு வாடை இல்லையென்றால் தலையாட்டுவேன். நான் தலையாட்டினால்தான் மாவு பிசைகிற மெஷின் ஓடும். அங்கே எனக்குப் பெயரே மூக்கையா. இப்படி இருக்கும்போது ஒரு ஜலதோஷம் வந்தது. வந்த விருந்தாளி போகிறபோது வீட்டுச் சொம்பைத் தூக்கிக்கொண்டு போனமாதிரி, போகும்போது வாசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

(எழுந்து போய்ச் சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்... ஒன்றும் இல்லை. கல்லை முகர்ந்தமாதிரி இருக்கிறது.)

எங்கே விட்டேன்? மூக்கு போனதை வெளியே சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள். கண் போன டிரைவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்த கதைதான். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். டின்னைத் திறக்கிறபோது எண்ணெயைப் பார்க்காமல், பக்கத்தில் நிற்கிற மாவு மெஷின்காரர் முகத்தைப் பார்ப்பது. அவருக்கும் மூக்கு இருக்கிறதே, வாடை அடித்தால் முகம் சுளிப்பார் அல்லவா? கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. ஒருநாள் டின்னைத் திறந்தோம், மனுஷன் முகத்தை அப்படியொரு கோணல் கோணினார். "இந்த எண்ணெய் ஆகாது, திருப்பி அனுப்புங்க!" என்று கத்தினேன். லாரியோடு அத்தனை டின்னும் திரும்பிப் போயிற்று. மத்தியானம் சாப்பிடும்போதுதான் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார், "கடவாப்பல்லு காலையிலேருந்து உயிரை எடுக்குது மூக்கையா." அட கடவுளே! நீங்களும்தானே முகர்ந்தீர்கள், எண்ணெய் எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டேன். "நான் எங்க முகர்ந்தேன்? நான் எப்பவும் உங்க மூஞ்சியைத்தான் பார்ப்பேன்" என்கிறார். ஆக அந்த எண்ணெயை யாருமே முகரவில்லை மச்சான்.

மறுநாள் எண்ணெய் அனுப்பியவர் நேரிலேயே வந்து குதித்தார். "என் எண்ணெயில சிக்கு வாடையா? உன் மூக்குலதான்யா கோளாறு!" கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார், அது அச்சு அசல் உண்மையாகப் போய்விட்டது. எங்கள் முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க மூக்கையா மூக்கைப் பத்திப் பேசாதீங்க! திங்கட்கிழமை வாங்க. வரிசையா கிண்ணம் வைப்போம், ஒண்ணுல மட்டும் கெட்ட எண்ணெய். அவரு கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் காட்டுவாரு. காட்டலேன்னா அவருக்கு இங்க வேலை இல்லை, போதுமா?" என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் எனக்கு இப்போது எமனாக நிற்கிறது.

நாக்கில் வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். நானும் அதையே நினைத்துத்தான் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் ஓடினேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள்: "நாக்கு பெரிய அறிவாளி இல்லீங்க. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கறிச்சாறுல வர்ற மாதிரி ஒரு ருசி, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மீதியை எல்லாம் மூக்குதான் சொல்லுது. மெல்லும்போது வாசனை தொண்டைக்குப் பின்பக்கமா மூக்குக்கு ஏறும். அங்க உச்சியில தபால்தலை அளவுக்கு ஒரு இடம். அதுலேருந்து நூல் மாதிரி நரம்பு, சல்லடை மாதிரி இருக்கிற எலும்பு வழியா நேரா மூளைக்குப் போகுது. உங்களுக்கு அந்த இடத்துலதான் அடி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆனா மிளகாயைக் கடிச்சா சுரீர்னு தெரியுதே டாக்டர்?" என்றேன், ஏதோ துப்பு கிடைத்ததுபோல. "அது வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. அது எரிச்சல். அதைச் சொல்ற நரம்பே வேற" என்று சிரித்தார்கள். மூக்கு நரம்பு மறுபடி முளைக்கிற ஜாதியாம், தினமும் நாலு பொருளை முகர்ந்து பழகுங்கள், தானாக வரும், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார்கள். எப்போது என்பதுதானே மச்சான் என் கேள்வியே?

(இப்போது காபித்தூள். டப்பாவுக்குள் தலையையே விட்டுப் பார்த்தேன். தும்மல்தான் வந்தது.)

வீட்டுக் கதை இதைவிட மோசம். உங்கள் தங்கை சமையலில் நான் குற்றம் கண்டுபிடிக்கிறவன் என்று ஊருக்கே தெரியும், உங்கள் முன்னாலேயே சண்டை போட்டிருக்கிறோம். அடிப்பிடித்த வாடை, பச்சை வாடை, முட்டை நாற்றம் என்று தட்டு வருவதற்கு முன்பே மூக்கால் தீர்ப்பு எழுதிவிடுவேன். இப்போது எதைச் சாப்பிட்டாலும் ஈர அட்டையை மென்றமாதிரி இருக்கிறது. குறை சொல்லத் தெரியவில்லை. சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று, "பிரமாதம்" என்று சொல்லிவைத்தேன். அன்றைக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாளும் பிரமாதம் என்றேன். "யாரு அவ?" என்று கேட்டாள். மூன்றாவது முறைதான் நம்பினாள். நம்பிய அன்றைக்கு என்னைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டாள் மச்சான். அதிலிருந்து சமையலறையில் பாட்டு கேட்கிறது. போனைப் பார்த்துப் பார்த்துப் புதுசு புதுசாக ஏதேதோ செய்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு ஒரு சூப் கொடுத்தாள், அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கு அடுப்புல வேலை கிடக்கு" என்று செருப்புகூடப் போடாமல் போய்விட்டார்கள். "அவளுக்குப் பொறாமை" என்கிறாள் உங்கள் தங்கை. நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

தூக்கம் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதையாவது முகரத் தோன்றுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் சட்டையை என்னையறியாமல் முகர்ந்துவிட்டேன், அடிக்க வந்துவிட்டார். இனிமேலும் தாங்காது. மருந்து அனுப்புங்கள், இல்லையென்றால் வேறு வேலையாவது பார்த்துவையுங்கள், மூக்கு தேவைப்படாத வேலையாக. உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லாச் செல்வமும் பெற்று, ஜலதோஷம் மட்டும் பிடிக்காமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
மூக்கில்லாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஏதோ ஒன்று சுருக்கென்று மூக்கில் ஏறியது. கருகல் வாடை! ஆமாம் மச்சான், வந்துவிட்டது! நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தேன். சோப்பை முகர்ந்தேன், மணந்தது. காபித்தூளை முகர்ந்து அழுதேவிட்டேன். இனித் திங்கட்கிழமைக்குப் பயமில்லை, கெட்ட எண்ணெய்க் கிண்ணத்தை வாசலில் நின்றே காட்டுவேன், நல்ல எண்ணெயைத் திருப்பி அனுப்பியதற்கு மன்னிப்பும் கேட்டுவிடுவேன். கருகல் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தால், உங்கள் தங்கை கையில் சூப்போடு நிற்கிறாள். அடிப்பிடித்து, அதன்மேல் எதையோ ஊற்றி மறைத்து, அதையும் தாண்டி ஒரு முட்டை நாற்றம். இத்தனை நாளும் இதையா குடித்தேன்! வாயைத் திறந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு பாதியில் நின்றிருந்தது.

"பிரமாதம்" என்றேன்.

"தெரியும், உங்களுக்குப் பிடிக்கும்னு. நாளைக்கும் இதையே வைக்கிறேன்" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். முழுக் கிண்ணத்தையும் மூக்கோடு குடித்து முடித்தேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். மூக்கு திரும்பிய விஷயம் உங்கள் தங்கைக்குத் தெரியவே கூடாது. மூக்கை அடைக்கிற மருந்து ஏதாவது இருந்தால், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போதும், உடனே அனுப்பவும்.