டர்போ ஆறும்வரை காத்திருந்த தாலி

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவனுக்குக் கெட்ட பெயர் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்த கெட்ட பெயரெல்லாம் அப்படிச் செய்ததால் வந்ததுதான்.

என் மனைவி வசந்தியின் தம்பி குமரனுக்குத் தாராசுரத்தில் கல்யாணம். பூதலூரிலிருந்து எல்லோரும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். லீவு கிடைக்காத நான் மட்டும் மறுநாள் காலை மச்சானின் (வசந்தியின் அண்ணன்) புதுக் காரில் வருவதாக ஏற்பாடு. எட்டரை மணிக்கு, நான் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. தாலியைச் சாமி மாடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம்.

தாலி விஷயம் அரை நிமிடத்தில் முடிந்தது. மீதி நேரமெல்லாம் மச்சான் காரைப் பற்றித்தான் பேசினார்.

"மாப்ள, இது டர்போ வண்டி. வெரட்டி ஓட்டிட்டு வந்து பட்டுன்னு ஆஃப் பண்ணிடாதீங்க. உள்ள ஆயில் ஓட்டம் நின்னு, சூட்டுலயே டர்போ போயிடும். மூணு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அப்புறந்தான் சாவியத் திருப்பணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. (அதுதான் பிரச்சினையே.) அவருடைய பைக்கை ஒரு தடவை வாங்கிப் போய் வாய்க்காலுக்குள் இறக்கியவன் நான். இந்தத் தடவை அவர் சொல்லில் ஒரு எழுத்துகூட மீறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தாலி ஏறியாக வேண்டும். குறுவை அறுவடை நேரம் என்பதால் தஞ்சாவூர் வரை பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்துதான் போனேன். தஞ்சாவூரைத் தாண்டியதும் ஓட்டினேன் பாருங்கள், அய்யம்பேட்டையும் பாபநாசமும் எப்போது வந்தன, எப்போது போயின என்றே தெரியாது. மண்டப வாசலில் நிறுத்தியபோது மணி பத்து இருபத்துமூன்று.

நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். தாலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

முதலில் மாமியார் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். மருமகனைத் திட்டிப் பழக்கமில்லாதவர். "மாப்பிள்ளை, கொஞ்சம் எறங்குறீங்களா?" என்றார். வார்த்தையில் மரியாதை இருந்தது, கண்ணில் கொலைவெறி இருந்தது.

மூன்று விரலைக் காட்டினேன். "ஆறணும் அத்தை!"

அடுத்து வசந்தி வந்தாள். அவளுக்கு அந்த மரியாதைச் சிக்கல் கிடையாது.

"ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு? கதவத் தொறங்க! ஐயர் கத்துறாரு!"

"இன்னும் ஒன்னரை நிமிஷந்தான் வசந்தி!"

இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. கண்ணாடியை இறக்கிப் பெட்டியை நீட்டியிருக்கலாம். வண்டியை ஓடவிட்டு இறங்கியே போயிருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றவே இல்லை. வீடியோக்காரர் வேறு வெளியே வந்து, கண்ணாடிக்குள் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்த என்னைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

கடைசியில் மச்சானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ் மாப்ள! என்ஜினைத்தானே ஆறவிடச் சொன்னேன்? உங்களையா உட்காரச் சொன்னேன்?"

அப்போதுதான் மூன்று நிமிடம் முடிந்தது. சாவியைத் திருப்பிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். வசந்தி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பத்து இருபத்தொன்பதுக்குக் குமரன் முதல் முடிச்சைப் போட்டான். மீதி இரண்டும் நாத்தனார் முடிச்சு, வசந்தி போட்டது. அவை பத்தரைக்கு முன்னால் விழுந்தனவா பின்னால் விழுந்தனவா என்ற வழக்கு இரண்டு வீட்டிலும் இன்னும் தீரவில்லை.

அந்தக் காரின் டர்போவுக்கு இன்றுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை. மச்சான் அதை மறுபடி என்னிடம் தந்ததும் இல்லை. குமரன் வீட்டில் சண்டை வந்தால் மட்டும், அவன் மனைவி யாரிடமும் போய் அழுவதில்லை. நேராக எனக்குப் போன் போடுகிறாள்.

"அண்ணா, உங்க டர்போ நல்லா ஆறிடுச்சு. எங்க வீட்டுலதான் இன்னும் சூடு ஆறல."