இஞ்சி அண்ணேயின் ஞாயிற்றுக்கிழமை கேக்

பினாங்குத் தீவிலேயே இஞ்சிக்கு நேர்முகத் தேர்வு வைத்த ஒரே மனுஷர், எங்கள் டத்தோ கிராமாட் ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரரான இஞ்சி அண்ணேதான். வீட்டில் வேறு பேர் வைத்திருப்பார்கள். எங்கள் மாடியில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் சிப்பு சரியாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிற வேலை அவருக்கு. பார்த்துப் பார்த்து அது கையோடு ஒட்டிக்கொண்டது. பாசாரில், காய்கறிக் கடையில், ஒவ்வொரு இஞ்சியாக எடுத்து, நுனியை ஒடித்து, மோந்து, "ரிஜெக்ட்" என்று திரும்ப வைப்பார். கடைக்கார சீன ஆன்ட்டி தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணே, எல்லாம் பாகுஸ்லா, நல்ல சரக்கு! நீ வாங்க வந்தியா, ஒடைக்க வந்தியா?"

இளசில் காரம் போதாது, முற்றலில் நார். அண்ணேக்கு முற்றலின் காரம் வேண்டும், நார் மட்டும் வரக்கூடாது. அதற்காக டீஸ்பூன் விளிம்பால் தோலைச் சுரண்டி, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டி, பொடியாகக் கொத்தி, லென்ஸில் வேறு பார்ப்பார். தலையில் ஃபேக்டரி வலைத்தொப்பி! கேக் செய்கிறாரா, ஆபரேஷன் செய்கிறாரா என்று சந்தேகமே வந்துவிடும்.

இத்தனையும் அண்ணேயின் மனைவி சரசு அக்காவுக்காக. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்கு வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. காரசாரமான வாசனைகளை விடாமல் மோந்து பார்க்கச் சொன்னார் டாக்டர். அக்காவுக்கு இஞ்சி கேக் என்றால் உயிர். அண்ணே அதையே பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு தவறாமல் கேக். வாரத்துக்கு வாரம் இஞ்சி ஏறியது. எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு வரும். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு நேராகத் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்.

"அண்ணே, காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றேன் நைசாக.

"உனக்கா செய்யிறேன்?" என்று சள்ளென்று விழுந்தவர், உடனே குரலை இறக்கிக்கொண்டார். "அவ தின்னுட்டு 'நல்லா இருக்குங்க'ன்னு சொல்றா தங்கச்சி. கல்யாணமான நாள்லேருந்து என் சமையல ஒரு தடவகூட நல்லாயிருக்குன்னு சொன்னவ இல்ல. எனக்குத் தெரியாதா, ருசி ஒண்ணும் தெரியாமதான் சொல்றான்னு?"

இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா சூடான கேக்கைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். மூஞ்சி அஷ்டகோணலாகிவிட்டது.

"ஐயே! என்னங்க இது, கேக்கா கஷாயமா? இஞ்சிய மூட்டையோட கொட்டிட்டீங்களா?"

அண்ணே வலைத்தொப்பியும் கையில் டீஸ்பூனுமாக அப்படியே நின்றார். "என்ன சொன்ன?"

"வாயெல்லாம் எரியுதுங்க! மனுஷன் திம்பானா இத?"

"இன்னொரு தடவ திட்டு, சரசு."

அதற்குள் அக்காவுக்கும் விளங்கிவிட்டது. கேக்கை மூக்கருகே கொண்டுபோய் மோந்தவர், அழ ஆரம்பித்துவிட்டார். அண்ணே என் பக்கம் திரும்பி, "பாத்தியா தங்கச்சி, திட்டுறா! எப்படித் திட்டுறா பாரு!" என்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

இப்போது அக்காவே பக்கத்தில் நின்று இஞ்சியை அளந்து போடுகிறார். கேக் பதமாக வருகிறது, ஃபிளாட்டில் எல்லாருக்கும் நிம்மதி. என் நாக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தப் பழைய காரத்தைக் கொஞ்சம் தேடுகிறது.