மாதாவின் காலடியில் ஓர் அமெரிக்கச் சாமான்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இந்த ஐம்பத்தெட்டு வயதிலும் வராது. யாராவது எதையாவது கேட்டால் தலை தானாக ஆடிவிடும். வாய் அதன் பின்னாலேயே ஓடிப்போய் ஒரு விளக்கத்தையும் பிடித்து வந்துவிடும். "இந்த மனுசனிட்ட வழி கேட்டால் போற இடம் போய்ச்சேர ஏலாது, ஆனால் வழி நெடுக நல்லாப் பொழுது போகும்" என்று என் மனைவி பிலோமினா வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் சொல்வாள். இந்த வியாதி ஒருமுறை எங்கள் மகளின் கலியாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

மகள் ஸ்டெபிக்கும் டெனிசுக்கும் படிக்கிற காலத்திலேயே மனம் ஒத்துவிட்டது. எங்களுக்குச் சம்மதம். டெனிசின் தாய் அன்னம்மா அக்காவுக்கும் சம்மதம். தகப்பன் மரியநாயகம் அண்ணைதான் "ஆக்களை ஒருக்காப் பாப்பம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். மன்னார் ஆள். ஜெர்மனிக்கு வந்து டோர்ட்முண்டில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார், எங்கே செய்தது என்று. முன்பொருமுறை வேறொரு பெண் வீட்டார் கொண்டுபோன மணிக்கூட்டைக் கவிழ்த்துப் பார்த்து, "சீனாவோ?" என்று கேட்டு மேசையில் வைத்தாராம். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அப்படிப்பட்டவர் எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வெறுங்கையோடு போக முடியுமா?

"நல்ல ஜெர்மன் சாமானா ஒண்டு வாங்குங்கோவன்" என்றாள் பிலோமினா.

"அந்த மனுசன் வாழ்நாள் முழுக்க ஜெர்மன் சாமான் செய்தவரெல்லோ? பேக்கரிக்காரன் வீட்டுக்கு ஆரும் பாண் கொண்டு போவினமே?"

சீனா கூடாது, ஜெர்மனி ஏலாது. மிச்சம் அமெரிக்கா. (உலகத்தில் வேறு நாடுகளும் இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.)

எங்கள் எசன் நகரத்துக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். அமெரிக்கக் கொடி போட்ட தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தால் சீனா. அமெரிக்கப் பெயர் வைத்த ஜீன்சைத் திருப்பினால் பங்களாதேஷ். ஒரு கடையில் நான் கவிழ்த்துப் பார்க்காமல் விட்டது என் பின்னாலேயே வந்த காவலாளியை மட்டும்தான். அமெரிக்காவில் உண்மையிலேயே என்னதான் செய்கிறார்கள் என்று எனக்குத் தலை சுற்றியது.

பிறகு இணையத்தில் ஒரு கடை அகப்பட்டது. அமெரிக்காவிலேயே செய்த, அழகாக வடிவமைத்த சாமான்கள் மட்டும் விற்கிற கடை. கோடரி, கம்பளி, பென்சில் எல்லாம் வெள்ளைப் பின்னணியில் தனியே நின்றன, கோயில் சுரூபம் மாதிரி. எது விரல் அளவு, எது கதவு அளவு என்று ஒன்றும் விளங்கவில்லை. ஒரு விளக்குமாற்றுக்கு எழுதியிருந்த வரலாறு என் அகதி விண்ணப்பத்தைவிட நீளம்.

அங்கேதான் அதைக் கண்டேன். சிவப்போடிய செறிப்பழ மரப் பலகை. ஒரு முனை பிறை மாதிரி வளைந்திருந்தது. பிறையின் உட்பக்கம் தோல் ஒட்டியிருந்தது. அடியில் ஒரு சின்னக் கட்டை, பலகை சரிந்து நிற்பதற்கு. படத்தில் பக்கத்தில் ஒரு பழைய புத்தகம். கீழே நீண்ட ஆங்கிலம்: மலையடிவாரத்தில் தகப்பனும் மகனும் செய்கிறார்களாம், மகன் மரத்தைத் தடவியே அதன் வயதைச் சொல்வானாம். எதற்காகச் செய்கிறார்கள் என்பதும் எங்கோ ஒரு வரியில் இருந்திருக்க வேண்டும். நான் மகனோடு நின்றுவிட்டேன்.

"இது என்னப்பா?" என்றாள் பிலோமினா.

"வேதப்புத்தகம் வைக்கிற தாங்கி." வாய் முந்திக்கொண்டது. சொன்னபிறகு நானே நம்பியும் விட்டேன்.

பொதி வரவில்லை, சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது. போய் அதிகாரிக்கு முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும். பிரித்தேன். அதிகாரி அதைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்களிடம் குதிரை இருக்கிறதா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

வேதப்புத்தகத்துக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு? யோசிப்பதற்குள் தலை ஆடிவிட்டது.

"எத்தனை?"

"ஒன்று."

"பெயர்?"

வாயில் வந்த ஒரே பெயரைச் சொன்னேன். "பிலோமினா."

"அழகான பெயர்" என்று சொல்லி முத்திரை குத்தினார். (இதை அவள் இந்தக் கட்டுரையில்தான் முதன்முதலாக வாசிக்கப் போகிறாள்.)

ஞாயிற்றுக்கிழமை. மரியநாயகம் அண்ணை பொதியைப் பிரித்தார். நேரே கவிழ்த்தார். அடியில் அமெரிக்கா என்று மரத்திலேயே சுட்டுப் பதித்திருந்தது. விரலால் தடவினார்.

"ஆணி ஒண்டும் இல்லை" என்றார் மெதுவாக. "கைவேலை. ஜோர்ஜ், இது என்னத்துக்கு?"

"வேதப்புத்தகத் தாங்கி, அண்ணை."

"இந்தத் தோல்?"

"புத்தகம் நோகாமல் இருக்க."

அவர் தங்கள் பெரிய வேதாகமத்தை எடுத்து வைத்தார். வழுக்கி விழுந்தது. மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் விழுந்தது. "அமெரிக்கன்ர வேதாகமம் சின்னன் போல" என்று அவரே எனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்தார். கடைசியில் அதை மாதா சுரூபத்தின் காலடியில் நிறுத்தி, பிறையின் இரண்டு கொம்புகளிலும் தன் செபமாலையைக் கொழுவினார். எல்லோரும் முழந்தாளிட்டு ஒரு செபமாலை முழுக்கச் சொன்னோம். எழும்பியபோது, "நல்ல குடும்பம்" என்று அவர் டெனிசிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் பிலோமினாவைப் பார்த்து மீசையைத் தடவினேன்.

கோப்பி நேரத்துக்குக் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா கேக்கோடு வந்தார், பெண்ணைப் பார்க்க. அவர் மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டார். பார்வை கீழே இறங்கியது. "இது ஏன் இங்கே நிற்கிறது?" என்றார். நாங்கள் விழித்தோம். அவர் செபமாலையைப் பக்குவமாகக் கழற்றி அண்ணையின் கையில் கொடுத்தார். பலகையை நிலத்தில் போட்டு, ஒரு காலால் மிதித்து, மற்றக் காலின் குதியைப் பிறைக்குள் கொடுத்து இழுத்தார். சப்பாத்து தனியே வந்தது.

"பாருங்கள், குனியவே தேவையில்லை! குதிரைச் சவாரி செய்கிற என் பேத்தியிடமும் ஒன்று இருக்கிறது."

அண்ணை செபமாலையைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"சப்பாத்துக் கழட்டுற கட்டை" என்றார் மரியநாயகம் அண்ணை, ஒவ்வொரு சொல்லாக. "மாதாவின்ர காலடியில. நான் அதுக்கு முன்னால முழந்தாளில நிண்டிருக்கிறன்."

"இரண்டுக்கும் பாவிக்கலாம், அண்ணை" என்றது என் வாய்.

பிலோமினா என் தொடையில் கிள்ளினாள். "கோட்டை எடுங்கோ, போவம்." ஸ்டெபியின் கண் நிறைந்துவிட்டது. டெனிஸ் கேக்கை வெட்டிய கத்தியோடு அப்படியே நின்றான்.

"பொறுங்கோ" என்ற குரல் அன்னம்மா அக்காவுடையது. வெளியே போய், அண்ணை தோட்டத்துக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "போடுங்கோ."

"இப்பவோ?"

"இப்பத்தான்."

போட்டார். பலகையில் ஏறினார். இழுத்தார். பூட்ஸ் ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது.

"நாலு வருசம்!" என்று அக்கா எங்களைப் பார்த்துச் சொன்னார். "இவருக்கு முதுகு ஒப்பரேசன் செய்த நாளிலயிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நானெல்லோ குனிஞ்சு இழுக்கிறன். எனக்கு முதுகு இல்லையோ? இந்த வீட்டுக்கு வந்த சாமானுக்குள்ள உருப்படியான சாமான் இதுதான்."

ஸ்டெபி கண்ணைத் துடைத்தாள். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடாது. "மாமா, மாமியோ உங்களுக்குச் சப்பாத்துக் கழட்டுறவ? ஒவ்வொரு நாளும்?"

கீழ்வீட்டு அம்மா என்ன பேச்சென்று கேட்டார். டெனிஸ் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தான். அந்த அம்மா மரியநாயகம் அண்ணையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் சொக்ஸுமாக நின்ற அண்ணையின் முகம், அந்தப் பலகையின் நிறத்துக்கே வந்துவிட்டது.

"சரி சரி, அதை விடுங்கோ" என்றார் அவசரமாக. "கலியாணத்தை எப்ப வைப்பம்? மே மாதம் ஹோல் எடுக்கலாமோ?"

மண்டபம் கிடைத்தது. நான் அழகாக வடிவமைத்த சாமான் வாங்குவதை அதோடு நிறுத்திவிட்டேன். ஆனாலும் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாதே. போன நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு சாதாரணக் கம்பளிச் சட்டைதான் கொண்டுபோனேன். அண்ணை வாங்கினார். இப்போதெல்லாம் அவர் அடியைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால் அதைத் தூக்கிப் பிடித்து, என்னை மட்டும் பார்த்து, ஆறுதலாகக் கேட்கிறார்:

"ஜோர்ஜ், இது கும்பிடுறதோ, மிதிக்கிறதோ?"