கதவுக்கு மேல் ஒரு மூளை

உள்ளறைக்குள் மாட்டிக்கொண்டவர் சாதாரண ஆள் இல்லை. ஆராய்ச்சியைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று சொல்ல வந்த குழுத் தலைவி.

வெளியே நின்ற ஆராய்ச்சிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அவருடைய ஆராய்ச்சியே அந்தக் கதவுதான். நிலைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி. முகத்தைப் பார்க்கும், அங்கேயே யோசிக்கும், தெரிந்தவர் என்றால் திறக்கும். எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டு நிற்காது. "இன்டர்நெட் லைன் போனாலும் இது நிக்காதுங்க மேடம்" என்று சற்று முன்புதான் மார்தட்டியிருந்தார்.

காலையில் ஒத்திகை பார்த்தபோது நடந்ததை மட்டும் சொல்லவில்லை. பெட்டி அவருக்கே சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டது. பெற்ற பிள்ளை 'யார் நீ' என்று கேட்டதுபோல் ஆகிவிட்டது மனுஷனுக்கு. பெட்டி கெட்டுவிட்டது என்று அவரே முடிவுகட்டி, பீரோவுக்குப் பின்னால் திருட்டுத்தனமாக ஒயரை ஓட்டி, தூரத்துக் கம்ப்யூட்டரிடமே வேலையை ஒப்படைத்தார். தன் முகத்தைப் புதிதாகப் படம் பிடித்தும் அனுப்பினார். கதவு திறந்தது. மானம் பிழைத்தது, தலைவி உள்ளே போய்க் கதவு சாத்திக்கொள்ளும்வரை.

லைன் திணறியது, கதவு திறக்கவில்லை. உதவியாளர்களின் போனையெல்லாம் அணைக்கச் சொன்னார், பலனில்லை. லைன் வரும் மோடத்தை அணைத்து மறுபடி போட்டார். இருந்த கொஞ்ச உயிரும் போயிற்று.

"லைனை எதுக்குத் தொடுறீங்க?" உள்ளேயிருந்து தலைவியின் குரல் வந்தது. "உங்க பெட்டிக்குத்தான் லைனே வேண்டாமே."

ஆராய்ச்சிக்காரர், அடுத்த தெருவில் பூட்டுக்கடை வைத்திருக்கும் மனைவியின் அண்ணனைப் போனில் கூப்பிட்டார். மச்சான் கடப்பாரையோடு வந்தார். "என்ன மாப்ளே, புத்திசாலிக் கதவுன்னு பீத்திக்கிட்டீங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுத்தான் நெம்பினார்.

வெளியே வந்த தலைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல், ஆராய்ச்சிக்காரர் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "காலையில பெட்டிக்கு என்னையே தெரியலைங்க. பயந்துபோய் ஏமாத்திட்டேன்."

தலைவி கைப்பையை மாட்டிக்கொண்டார். "செஞ்சவரையே தெரியாத பெட்டி. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி? மூடிடலாம்."

மச்சான் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பெட்டியைக் குறை சொல்லாதீங்க மேடம். நீங்க வர்றீங்கன்னு நேத்து மீசையை மழிச்சுட்டு வீட்டுக்குப் போனாரு. என் தங்கச்சியே கதவுச் சங்கிலியைக் கழட்டாம 'யாருங்க வேணும்'னு கேட்டா."