அம்பதடியும் என் வீட்டுக் கிணறும்

இரண்டு பொருள்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அம்பதடியைப் போல அறிந்த ஒரு மனிதர் வன்னியில் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. சூரியனையும் பூமியையும் படைத்தவர் அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிளிநொச்சியில் வெயில் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில், உருத்திரபுரத்துக்கு அப்பால் ஒரு கொலனியில் நான் சனிட்டரி இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்று வயல் செய்த குடும்பங்களுக்குக் கட்டுக்கிணறும், தண்ணீர் ஊற்றுகிற கக்கூசும் கட்டுவிப்பது என் உத்தியோகம். அதாவது காக்கிக் காற்சட்டையோடு சைக்கிளில் போய், மற்றவர்கள் விடும் பிழைகளைக் கொப்பியில் எழுதுவது. அம்பதடி என்னோடு வேலை செய்த மேசன். என்னைவிட நாலு வயது இளையவர், கலியாணம் கட்டாதவர், சீமெந்தில் கக்கூஸ் கோப்பை வார்ப்பதில் கெட்டிக்காரர்.

கிணற்றுக்கும் கக்கூசுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்கவேண்டும் என்பது எங்களுக்கு மேலிடம் தந்த கட்டளை. நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன், அவர் வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டார். ஐம்பது அடிக் கயிறு ஒன்று எந்த நேரமும் அவருடைய தோளில் கிடக்கும். கலியாண வீட்டில் பந்திக்கு இருக்கச் சொன்னால், முதலில் மாட்டுக்கொட்டிலிலிருந்து சமைக்கிற குசினிவரை கயிறு பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இலைக்கு வருவார். மாமியும் மருமகளும் ஓயாமல் சண்டை பிடித்த ஒரு வீட்டில், "மருமகளின்ரை குசினியை அம்பதடி தள்ளிப் போடுங்கோ" என்று சொல்லி, அளந்தும் கொடுத்தார். சண்டை நின்றது. அதற்குப் பிறகு கொலனியில் என்னைத் தேடி வந்தவர்களைவிட அவரைத் தேடி வந்தவர்கள் அதிகம்.

எங்களுக்கு வந்த பெரிய தலையிடி, கட்டிய கக்கூசுக்குள் ஒருவரும் போகாததுதான். சீமெந்துத் தரை, ஓட்டுக் கூரை, பூட்டுப் போடக் கதவு. குடியிருக்கிற வீட்டைவிட அது திறம். சனம் விதைநெல் மூட்டையை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வழக்கம்போலப் பற்றைக் காட்டுப் பக்கம் போனது.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் ஆட்கள் நல்ல நேரம் பார்க்காமல் எதையும் தொடங்கமாட்டார்கள். அப்படியானால் புது வீட்டுக்குச் செய்வதுபோலக் கக்கூசுக்கும் ஒரு குடிபூரல் வைத்துவிட்டால் என்ன?

"வேண்டாம் ஐயா" என்றார் அம்பதடி. "கும்பம் வைச்ச இடத்திலை சனம் குந்துமோ?"

"உமக்குச் சனத்தின்ரை மனம் தெரியாது காணும்" என்றேன்.

பன்னிரண்டு வீடுகளில் கும்பம் வைத்து, மாவிலை கட்டி, பால் காய்ச்சினோம். விதைநெல் வெளியே வந்தது. ஆனால் சனம் உள்ளே போகவில்லை. புனிதமான இடத்தை எப்படி அசுத்தப்படுத்துவது என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கே கொளுத்தினார்கள்.

கடைசியில் அம்பதடிதான் என்னைக் காப்பாற்றினார். காலையில் ஒரு வீடு என்று, வாளித் தண்ணீரோடு, வீட்டுக்காரர் எல்லாரும் பார்த்திருக்க உள்ளே போவார். வெளியே வந்து, "இனி நீங்கள் போகலாம்" என்பார். பன்னிரண்டு காலைகளில் பன்னிரண்டு புனிதமும் போயிற்று. அந்த மாத அறிக்கையில், 'எனது இடைவிடாத பிரசாரத்தின் பயனாக' என்று நான் எழுதினேன்.

இப்படி ஊரைத் திருத்திய என் வீட்டில்தான் இளைய மகளுக்கு வயிற்றோட்டம் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று வயதுப் பிள்ளை. இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்துவிட்டது. இன்னொருமுறை வந்தால் பிள்ளை தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் பாலைப்பழத்தில் பழி போட்டேன், சோற்றில் மொய்க்கிற இலையானில் போட்டேன், மனைவி சட்டி கழுவும் விதத்தில் போட்டேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கோ என்று ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவன், என் வீட்டில் அதைச் சொன்னதில்லை. அது சனிட்டரி ஐயாவின் கிணறல்லவா!

ஒருநாள் அம்பதடி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஐயா கோவிக்கப்படாது. உங்கடை கக்கூஸ் கிணத்துக்குக் கிட்டக் கிடக்கு. முப்பத்தெட்டு அடி. ரண்டுதரம் பிடிச்சுப் பாத்தனான்."

"நான் சனிட்டரியோ, நீர் சனிட்டரியோ?"

"நீங்கள்தான் ஐயா. ஆனா கயிறு என்னட்டையெல்லோ கிடக்கு."

எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்த இடத்தைக் குறித்தது நான். அன்றைக்கு அவர் நெடுங்கேணியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். உச்சி வெயில். வீட்டில் மீன் குழம்பு வாசம் வந்தது. கண் மதிப்பிலேயே ஐம்பது அடி என்று கொப்பியில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். அதை மறந்துபோனதுபோல, "உம்முடைய வேலையைப் பாரும்" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அவர் தன் வேலையைப் பார்த்தார். மறுநாள் ஒரு சாக்கோடு வந்து என் கக்கூசுக்குள் போனார். கழுவ வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு கிழமை கழித்துக் காலைத் தேத்தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை.

"தேத்தண்ணிக்கு உப்புப் போட்டனீரோ?"

"எனக்கென்ன விசரோ?" என்றாள் மனைவி. "இஞ்சருங்கோ, கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ முதல்."

குடித்துப் பார்த்தேன். கரித்தது. நல்ல தண்ணீர்க் கிணறு எப்படி ஒரு கிழமையில் உப்பாகும் என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஆனையிறவு உப்பு ஐயா. ஒரு சாக்கு. உங்கடை கக்கூஸ் குழிக்குள்ளைதான் கொட்டினனான்."

அவரைத் தின்றுவிடுவதுபோலப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. உப்பு வந்த வழியால் வேறு என்னவெல்லாம் வந்திருக்கும்! என் பிள்ளைக்கு அதைத்தான் இரண்டு மாதமாகக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். அவர் வேலி தாண்டி உள்ளே வந்தார். கயிற்றை அவிழ்த்து, கிணற்றிலிருந்து மற்றப் பக்கமாக அளக்கத் தொடங்கினார்.

பழைய குழியை மூடி, புதியதை அவரே கட்டினார். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தோம், தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். மகளுக்கு நான்காவது தடவை வரவில்லை.

ஆனால் பழைய கக்கூசை இடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் எங்களுக்கு மேலதிகாரியான பெரிய டொக்டர் வேலைகளைப் பார்வையிட வந்து சேர்ந்தார். என் உத்தியோகம் நிரந்தரமாகவேண்டிய வருஷம் அது.

"இன்ஸ்பெக்டற்றை கக்கூசை ஏன் இடிக்கிறீங்கள்?"

நான் வாயைத் திறக்குமுன் அம்பதடி முன்னால் வந்தார். "நான்தான் ஐயா பிழையா அளந்துபோட்டன்."

"உமக்கு அம்பதடி எண்டெல்லோ பேர்! வெக்கமில்லையோ?" என்று எல்லாருக்கும் முன்னால் டொக்டர் ஏசினார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் போனபிறகு, "ஏன் காணும் அப்பிடிச் சொன்னீர்?" என்று கேட்டேன்.

"ஐயா பிள்ளைகுட்டிக்காரன்" என்றார். "எனக்குக் கயிறு மட்டும்தானே."

அன்று சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறேன், டொக்டர். பிழை விட்டவன் நான். அம்பதடி ஒருநாளும் பிழையாக அளந்தவரில்லை. அந்த மனிதரோடு பதினொரு வருஷம் வேலை செய்தேன் என்பதைத் தவிர, என் உத்தியோகத்தில் பெருமையாகச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.