நஞ்சப்பனின் புல்வெட்டி வண்டி

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எட்டு நிட்டிங் மிஷின் வைத்துப் பனியன் துணி பின்னும் கம்பெனி நடத்துகிற நஞ்சப்பனுக்குத் தன் சொந்தத் தோப்பைப் பார்த்தாலே ஆத்திரம் வந்தது. சேவூர்த் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் தென்னை. மரங்களுக்கு நடுவே கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவிநாசிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட்காரர் வீட்டுப் புல்தரையைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்துதான் இந்தக் கோபம். அது இஸ்திரி போட்ட பனியன் துணி மாதிரி இருந்ததாம். தன் தோப்பையும் அப்படி ஆக்குவதாகச் சபதம் போட்டு, தை மூன்றாம் ஞாயிறு புல்தரையிலேயே விருந்து என்று வாக்கிங் கூட்டாளிகள் நாலு பேருக்கும் சொல்லிவிட்டார்.

மனைவி ஜெயபாரதி பன்னிரண்டு செம்மறி வளர்க்கிறாள். அந்தப் புல் ஆட்டுக்குப் போதுமா என்பதே அவளுக்கு யோசனை.

"ஏனுங்க, புல்லை வெட்டிப்போட்டா ஆடு என்னத்தைத் திங்கும்?"

"ஆட்டை வித்துப் போடலாம் புள்ள. நாளைக்கு நாலு பேரு வந்தா ஆட்டையா காட்டறது?"

"சரீங்க" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இத்தனை சுலபமாகச் சரி சொன்னதே இல்லை. நஞ்சப்பன் அப்போதே பயந்திருக்க வேண்டும். அவரோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மார்கழி பிறந்ததும் மடத்துக்குளத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வண்டி வந்து இறங்கியது. குட்டி டிராக்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்டுவது, வயிற்றுக்கடியில் புல் வெட்டும் கத்தி. மூன்று தடவை பெயின்ட் அடித்ததில் எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஆனால் ஓடியது. லாரியிலிருந்து இறக்கி அவரே கொட்டகை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் சாவியைத் திருகினால் 'டக்' என்றுகூடச் சத்தமில்லை.

நஞ்சப்பன் கொதித்துப் போனார். ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனை ஏசினார். வண்டியைச் செய்தவனை, அவன் பேர் தெரியாததால், பொதுவாக ஏசினார். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ரிப்பேருக்கு ஞாயிறு ஒன்றுதான். முதல் ஞாயிறு புது பேட்டரி. இரண்டாம் ஞாயிறு பிளக். மூன்றாம் ஞாயிறு கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியதில் ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சம் விழுந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கம்பெனி மெக்கானிக் கலீலிடம் போனில் கேட்டார். சத்தமே வராவிட்டால் கார்பரேட்டரைத் தொடவே வேண்டாம், கரண்டு எங்கோ அறுந்திருக்கும் என்றார் கலீல். முதலில் மாடல் நம்பர் தகட்டைக் கண்டுபிடித்தால் ஒயர் படம் தேடலாம் என்றும் சொன்னார். நஞ்சப்பன் பானெட்டில் தேடினார். ஸ்டியரிங்கில் தேடினார். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த ஜெயபாரதி, அடிப்பக்கம் பார்த்தீங்களா என்று அன்பாகக் கேட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தார். காபியும் வடையும் அங்கேயே வந்தன. தோப்புப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை.

விருந்து நாளன்று விடிந்ததும் கலீலே நேரில் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, சீட்டைத் தூக்கினார். நம்பர் தகடு அங்கே பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஒரு ஒயர் கழன்று, சிவப்பு பனியன் வேஸ்ட் துணியால் பூமுடிச்சுப் போட்டு அழகாகக் கட்டப்பட்டிருந்தது.

"இது சீட் சுவிட்சுங்கண்ணா. ஆளு ஒக்காந்தாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒயரைக் கழட்டிட்டா, நீங்க ஒக்காந்திருந்தாலும் நீங்க இல்லைன்னுதான் அது நினைக்கும்."

"ஊட்டுலயும் அப்படித்தான் நினைக்கறாங்க" என்றார் நஞ்சப்பன், மனைவியை முறைத்தபடி.

ஜெயபாரதி கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டியவள். எந்த மிஷினை எங்கே தொட்டால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவர் முறைத்ததை அவள் கண்டுகொள்ளவில்லை. வடையைக் கலீலுக்கு நீட்டினாள்.

கலீல் ஒயரை மாட்டினார். வண்டி உறுமியது. சொல்ல வேண்டியதையெல்லாம் வெட்டி முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நஞ்சப்பன் ஏறி உட்கார்ந்தார். நெஞ்சை நிமிர்த்தி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, தோப்புக்குள் கத்தியை இறக்கினார். சரளைக்கல் தெறித்தது.

புல் இல்லை. ஒரு ஏக்கரும் வெறும் செம்மண். ஏழு வாரமாகக் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு வேலி வரைக்கும் வரிசையாக மேய்ந்து முடித்திருந்தன ஆடுகள். கொழுத்த பன்னிரண்டும் நிழலில் படுத்து அசைபோட்டபடி அவரைப் பார்த்தன. மழை நின்று போயிருந்தது. இனிக் கோடை மழைக்குத்தான் புல் முளைக்கும்.

நஞ்சப்பன் கத்தியைத் தூக்கி வண்டியை நிறுத்தினார். இந்த வண்டியை இனி வைத்து என்ன செய்வது என்று மட்டுமே அவரால் கேட்க முடிந்தது.

"பின்னாடி ஒரு கொக்கி இருக்குதுங்க, அன்னைக்கே பாத்துட்டேன்" என்றாள் ஜெயபாரதி. "பட்டியில எரு மலையாட்டக் கெடக்குது. கூட்டாளிக வர்றதுக்குள்ள தள்ளுவண்டியை மாட்டி ரெண்டு நடை அடிச்சுருங்க."